பித்தளை உலைக்கு உட்சுவர் அமைத்தல்: தீச்செங்கல், காஸ்டபிள், இழைக் கம்பளி

காரைக்குடிக் கடைத்தெருவில் தீச்செங்கல் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை டிகிரி தாங்கும்?" என்பதுதான். கடைக்காரரும் சளைக்காமல் 1,400 என்றோ 1,600 என்றோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் பொய்யன்று. ஆனால் பழைய அண்டா, குடம், செம்புகளை உருக்கிக் குத்துவிளக்கும் கதவுக் குமிழும் வார்க்கிற ஒரு சிறு பட்டறையின் உலை, அந்த எண்ணை எட்டிக் கெட்டுப்போவது மிக அரிது. பித்தளை, கலவையைப் பொறுத்து, 900 முதல் 940 டிகிரி செல்சியசுக்குள் பெரும்பாலும் உருகிவிடும். தங்கத்துக்கு 1,064, தனிச் செம்புக்கு 1,085 போதும். உலைச் சுவர் கெடுவது வேறு காரணங்களால்: சாம்பலும் கசடும் அதை அரிப்பதால், சூடும் குளிர்ச்சியும் சட்டென்று மாறுவதால், உள்ளே ஈரம் இருக்கும்போதே தீயை ஏற்றுவதால். ஆகவே ஒரு பொருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதோடு, அது எதனால் சாகும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை 20 நம்பர் மூசை (உலோகத்தை உருக்கும் பாத்திரம்) வைக்கும் அளவுள்ள, எரிவாயுவிலோ கரியிலோ எரியும் ஓர் உலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மூசையின் நம்பர் ஏறக்குறைய அது கொள்ளும் பித்தளையின் கிலோ கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பொருள்களில் எவை ஆகா

செட்டிநாட்டில் வீடு கட்டும் பொருளுக்குப் பஞ்சமில்லை என்பதால், கையில் கிடைப்பதைக் கொண்டே உலையையும் கட்டிவிடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். முதலில் செம்புறாங்கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் செந்நிறமே அதில் இரும்பு ஆக்சைடு மிகுதி என்பதற்குச் சான்று. இரும்பு ஆக்சைடு, களிமண்ணிலுள்ள சிலிக்காவுடன் சேர்ந்து உருகுநிலையைக் கீழே இழுத்துவிடும். சூளையில் சுட்ட சாதாரணச் செங்கல்லுக்கும் இதே நோய்தான். அதில் இரும்போடு பொட்டாசும் சோடாவும் சேர்ந்திருப்பதால், 1,100 டிகிரியை நெருங்கும்போது பளபளவென்று கண்ணாடி பூசியதுபோல் ஆகி, பிறகு சுமையைத் தாங்காமல் குழையத் தொடங்கும். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்புக்கு அந்தச் செங்கல் தாராளமாகப் போதும். ஊதுகாற்று வைத்த உலைக்குப் போதாது. மானாமதுரைக் குயவர்கள் பானைக்கும் கடத்துக்கும் பக்குவம் செய்யும் களிமண்ணும் அப்படியே. அது குறைந்த சூட்டில் இறுகிக் கணீரென்று ஒலிப்பதற்கென்றே தேர்ந்த மண். அந்தக் குணமே உலைச் சுவருக்கு எதிரானது.

அடுத்தது சுண்ணாம்பு. பெரிய வீட்டுச் சுவர்களில் நூறாண்டு கடந்தும் கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடியும் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். உலை ஆறியதும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, நீற்றுச் சுண்ணாம்புபோல் பொரிந்து உதிரும். சாதாரண சிமெண்டின் கதையும் இதற்கு அண்ணன் தம்பி முறைதான். இறுகிய சிமெண்டிலிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, 450 டிகிரிவாக்கில் தண்ணீரை இழந்து கால்சியம் ஆக்சைடாகும். உலை ஆறிய பிறகு அது ஈரத்தை இழுத்து உப்பி, சுவரை உள்ளிருந்தே பிளக்கும். நான் கட்டிய முதல் உலையில் நல்ல தீச்செங்கல்லை வாங்கி, மூட்டுக்கு மட்டும் சிக்கனம் கருதிச் சிமெண்டைப் பூசினேன். ஒரு மாதத்தில் செங்கற்கள் முழுசாக நின்றன, இணைப்புகள் மாவாகக் கொட்டின. ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அது சிமெண்டில் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்துவதேயன்றித் தீயையே காணாத கல் என்பதால், அதை உலையின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

தீக்களிமண்ணும் அதன் உறவினர்களும்

உலைக்கு உதவும் களிமண்ணில் இரும்பும் காரமும் குறைவாகவும், அலுமினாவும் (அலுமினிய ஆக்சைடு) சிலிக்காவும் மிகுதியாகவும் இருக்க வேண்டும். தூய கயோலின் களிமண்ணில் ஏறத்தாழ 40 சதவீதம் அலுமினா, 46 சதவீதம் சிலிக்கா, 14 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் வாளியில் ஊற்றிய தண்ணீரைப் போன்றதன்று. படிகத்துக்குள்ளேயே பிணைந்திருந்து 450 முதல் 600 டிகிரிக்குள் வெளியேறுவது. அதற்கும் மேலே சூடேறும்போது முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் வளர்ந்து, பின்னலாகக் கோத்துக்கொண்டு செங்கல்லுக்கு எலும்புக்கூடாக நிற்கின்றன. அலுமினா கூடக்கூட இந்த எலும்புக்கூடு வலுக்கும். ஆனால் சிலிக்காவில் ஐந்தாறு சதவீதம் மட்டும் அலுமினா கலந்தால், ஏறக்குறைய 1,590 டிகிரியிலேயே உருகல் தொடங்கிவிடும். தனிச் சிலிக்காவோ 1,700-ஐத் தாண்டித்தான் உருகும். அதனால்தான் சிலிக்காச் செங்கல் செய்பவர்கள் அதில் அலுமினா வரவிடாமல் காக்கிறார்கள், தீக்களிமண் செங்கல் செய்பவர்கள் அலுமினாவைக் கூட்டப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் மோசம்.

கடையில் "ஐ.எஸ். 6 வேண்டுமா, ஐ.எஸ். 8 வேண்டுமா?" என்பார்கள். இவை இந்தியத் தர நிர்ணய எண்கள்: முன்னது மிதமான சூட்டுக்கு, பின்னது உயர்ந்த சூட்டுக்கு. பித்தளை உலைக்கு ஐ.எஸ். 8 வாங்குவதே நல்லது. விலை வேறுபாட்டை முதல் ஆண்டிலேயே மறந்துவிடலாம். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள அடர்த்தியான செங்கல் ஒன்று ஏறக்குறைய 4 கிலோ இருக்க வேண்டும். கையில் எடுத்தால் வெகு லேசாக இருப்பதையும், கரண்டிக் காம்பால் தட்டினால் சொத்தென்று ஒலிப்பதையும் ஒதுக்கிவிடுங்கள். மூலை மழுங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வளைந்திருந்தால் கூடாது, ஏனெனில் வளைந்த செங்கல் இணைப்பைத் தடிக்கச் செய்யும்.

கடைக்காரர் சொல்லும் டிகிரி பெரும்பாலும் கூம்புச் சோதனையின் எண். ஜெர்மனியில் ஹெர்மன் செகர் 1886-இல் கொண்டுவந்த முறை இது: பொருளைப் பொடித்துச் சிறு கூம்பாக்கிச் சூடேற்றி, அதன் நுனி எப்போது வளைந்து தரையைத் தொடுகிறது என்று, ஏற்கெனவே அளவு தெரிந்த கூம்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. 1,500 டிகிரிக்குக் கீழே வளையும் பொருளை உயர்வெப்பந்தாங்கி என்ற வகையிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் கூம்பின் தலையில் சுமை இல்லை. சுவரின் அடிச் செங்கல்லின் தலையிலோ மொத்தச் சுவரும் உட்கார்ந்திருக்கிறது. சதுரச் சென்டிமீட்டருக்கு 2 கிலோ சுமையை ஏற்றிச் சோதித்தால், அதே தீக்களிமண் செங்கல் கூம்புச் சோதனையின் எண்ணுக்கு இருநூறு முந்நூறு டிகிரி முன்னதாகவே குனியத் தொடங்கும். ஆகவே விலைச்சீட்டு கிடைத்தால் சுமைச் சோதனை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எது எதை அரிக்கும்

உலைப் பொருள்களை அமிலக் குணம், காரக் குணம், நடுநிலை என்று மூன்று குடும்பங்களாகப் பிரிப்பது வெறும் பாடப்புத்தக வழக்கமன்று. சிலிக்காவும் தீக்களிமண்ணும் அமிலப் பக்கம். மக்னீசியாவும் டோலமைட்டும் காரப் பக்கம். அலுமினா, குரோமைட், கரி ஆகியவை ஏறத்தாழ நடுநிலை. அமிலச் சுவரைக் காரக் கசடு தின்னும்; காரச் சுவரை அமிலக் கசடு தின்னும். இங்கிலாந்தில் 1870-களின் இறுதியில் கில்கிறிஸ்ட் தாமஸ், இரும்பை எஃகாக்கும் கலத்துக்கு டோலமைட் உட்சுவர் வைத்ததும், அதுவரை பயன்படாமல் கிடந்த பாஸ்பரஸ் மிகுந்த இரும்புத் தாது பயனுக்கு வந்தது. ஒரு சுவரை மாற்றியதால் ஒரு தொழிலே திசைமாறிய கதை அது. மக்னீசியாவுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதன் தாதுவான மக்னசைட் சேலத்துக் குன்றுகளில் வெட்டப்படுகிறது.

நம் பட்டறைக்குத் திரும்புவோம். சிவகங்கைச் சீமையில் மலிவாகக் கிடைப்பது சீமைக் கருவேலங் கரி. அதன் சாம்பலில் பொட்டாசும் சுண்ணாம்பும் இருக்கின்றன, இரண்டும் காரம். ஊதுகாற்றில் பறக்கும் அந்தச் சாம்பல் தீக்களிமண் சுவரில் படிந்து, செங்கல்லின் சிலிக்காவோடு கலந்து, பச்சையும் கறுப்புமான கண்ணாடியாக வழியும். கரியில் உருக்குகிறவர்களின் உலையில், ஊதுவாய்க்கு நேர் எதிரே சுவர் குழிவதற்குக் காரணம் சூடு மட்டுமன்று, இந்தச் சாம்பலும்தான். ஆகவே கரி எரிப்பவர் ஊதுவாய்ப் பகுதிக்காவது 60 சதவீதத்துக்கு மேல் அலுமினா உள்ள செங்கல்லையோ, தண்ணீர் விட்டு வார்க்கும் உயர்வெப்பக் கலவையான காஸ்டபிளையோ வைப்பது நல்லது. எரிவாயு எரிப்பவருக்குச் சாம்பல் தொல்லை இல்லை. அவருக்கு வேறு பகை உண்டு, வெங்காரம். உருக்கில் அழுக்கைத் திரட்ட வெங்காரத்தையோ உடைந்த கண்ணாடியையோ தூவுகிறோம். அது மூசைக்குள் விழுந்தால் வேலை செய்யும், மூசைக்கு வெளியே சிந்தினால் சுவரைத் தின்னும். பொட்டலத்திலிருந்து அப்படியே கொட்டாமல், நீண்ட காம்புள்ள கரண்டியில் எடுத்துப் போடுகிறவரின் உலை இரண்டு மடங்கு காலம் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு எளிதில் விளங்கும். அலுமினியம் பிரித்தெடுக்கும் மின்பகுப்புக் கலத்தில் சூடு சுமார் 960 டிகிரிதான்; நம் பித்தளை உலையைவிட அதிகமில்லை. ஆனால் அதிலுள்ள உருகிய கிரையோலைட்டின் வேலையே அலுமினாவைக் கரைப்பது. அங்கே 2,000 டிகிரிக்கு மேல் தாங்கும் அலுமினாச் செங்கல்லை வைத்தால் அதுவும் கரைந்துபோகும். எனவே அந்தக் கலத்துக்கு உள்ளே கரிக் கட்டைகளைப் பதிக்கிறார்கள். டிகிரி எண் எவ்வளவு குறைவாகவே செய்தி சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கரி என்றதும் கிராபைட் நினைவுக்கு வரவேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கும் செதில் கிராபைட், மூசைக்கும் எஃகு ஆலைகளின் மக்னீசியா-கரிச் செங்கல்லுக்கும் உரிய வகையைச் சேர்ந்தது. உருகிய உலோகமும் கசடும் கிராபைட்டை நனைப்பதில்லை; தாமரை இலைமேல் தண்ணீர்போல் திரண்டு நிற்கும். வெப்பத்தையும் அது விரைவாகக் கடத்தும். திடீர்ச் சூட்டுக்கும் அஞ்சாது. இத்தனை நற்குணத்துக்கும் ஒரே குறை, காற்றில் 500, 600 டிகிரியிலேயே மெல்ல எரியத் தொடங்கும் என்பது. களிமண்-கிராபைட் மூசையின்மேல் இருக்கும் மெருகுப் பூச்சு அந்தக் குறையை மறைப்பதற்கே. புது மூசையை முதலில் 200 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றி ஈரத்தைப் போக்கி, அதன் பின் தயங்காமல் 800 வரை விரைவாக ஏற்ற வேண்டும். நடுவிலேயே நீண்ட நேரம் வைத்திருந்தால், மெருகு இளகி மூடுவதற்கு முன் கிராபைட் எரிந்துபோகும்.

பழைய தென்னாட்டு உருக்கு எஃகு மூசைகளில் களிமண்ணோடு உமியைக் கலந்திருக்கிறார்கள். உமி கருகிக் கரியாகிறது. அதன் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. கரியும் சிலிக்காவும் சேர்ந்த அந்தக் கறுப்பு மூசை, செலவில்லாத ஓர் உயர்வெப்பக் கலப்புப் பொருள். அரவை ஆலையில் குவிந்து கிடக்கும் உமியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூசைக்காரரின் கைத்திறம் நினைவுக்கு வரும்.

கனமான சுவரா, லேசான சுவரா

பலரும் உலைச் சுவர் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். இரவும் பகலும் ஓயாமல் எரியும் உலைக்கு அது பொருந்தலாம். வாரத்தில் இரண்டு நாள், நாளைக்கு மூன்று நான்கு வார்ப்பு என்று ஓடும் பட்டறைக்கு அது வீண் செலவு. 60 செங்கல் வைத்த சுவர் 240 கிலோ. அதைச் சராசரியாக 600 டிகிரி உயர்த்தவே, உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட சமையல் வாயுவின் முழு வெப்பமும் சுவருக்குள் போய்விடும்; புகையோடு போகும் வெப்பத்தையும் கணக்கிட்டால் இன்னும் பல மடங்கு. ஆறும்போது அவ்வளவும் பட்டறைக் காற்றுக்கே.

இந்த இடத்தில் உதவுபவை இன்சுலேஷன் செங்கலும் செராமிக் இழைக் கம்பளியும். இன்சுலேஷன் செங்கல் துளைகள் நிறைந்தது. தண்ணீரில் போட்டால் சிறிது நேரம் மிதக்கும், நகத்தால் கீறினால் மாவு வரும். அதைக் கசடு படாத இடத்தில், தீயை நேரே பார்க்கும் முன்சுவரின் முதுகுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். கம்பளி இன்னும் திறமையானது: ஓரங்குலக் கம்பளி, நாலரை அங்குலத் தீச்செங்கல் சுவரைவிட அதிகமாக வெப்பத்தைத் தடுக்கும். 1,260 டிகிரி வகை என்று விற்கப்படும் கம்பளியைத் தொடர்ந்து அவ்வளவு சூட்டில் வைத்தால் சுருங்கி நொறுங்கும். நூறு டிகிரியாவது குறைத்தே கணக்கிடுங்கள். கம்பளியைத் தனியாக உட்சுவராக வைத்து உருக்குகிறவர்களும் உண்டு. பித்தளை தெறித்ததும் அது ஓட்டையாகிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதுகில் கம்பளி போர்த்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி முன்சுவரின் உட்பகுதி முழுவதும் முன்னைவிடச் சூடாகிவிடும். உள்முகம் 1,200 டிகிரியில் இருந்தால், மூன்றரை அங்குல முன்சுவருக்கும் கம்பளிக்கும் நடுவே 800, 900 டிகிரி இருக்கும். செராமிக் கம்பளிக்கு அது பெரிதன்று. ஆனால் விலை குறைவு என்று கூரைக்குப் பயன்படும் கண்ணாடிப் பஞ்சை அங்கே வைத்தவர், சில வாரங்களில் அந்த இடம் வெற்றிடமாகியிருப்பதைக் காண்பார்.

கம்பளியை வெட்டும்போது நல்ல முகமூடி, முழுக்கைச் சட்டை, கையுறை மூன்றும் கட்டாயம். அதன் இழை நுரையீரலுக்குப் பகை. பல மாதம் சூட்டில் இருந்த பழைய கம்பளியில் கிறிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்காவும் உண்டாகியிருக்கும்; அது புதிய கம்பளியைவிடக் கொடியது. பிரிக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்துப் பிரித்து, சாக்கில் கட்டி ஒதுக்குங்கள்.

கட்டும் முறை

வெளிக்கூட்டுக்கு 200 லிட்டர் இரும்புப் பீப்பாயைத் தேவையான உயரத்துக்கு வெட்டியது போதும். எண்ணெய் இருந்த பீப்பாயை எரிவாயுச் சுடரால் வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். சலவைச் சோடா கரைத்த தண்ணீர் விட்டுக் கழுவி, முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கொட்டிவிட்டு உளியால் வெட்டுங்கள். பக்கங்களில் ஆறு மில்லிமீட்டர்த் துளைகளை ஒரு சாண் இடைவெளியில் போட்டுவிட்டால், பின்னர் நீராவி வெளியேற வழி கிடைக்கும். பீப்பாயின் உள்விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர். அதனுள் ஓரங்குலக் கம்பளியைச் சுற்றினால் 52 மீதி. நடுவே 35 சென்டிமீட்டர் உருளை அச்சை வைத்தால், சுவருக்கு எட்டரை சென்டிமீட்டர் கிடைக்கும். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஏழரை சென்டிமீட்டர் தளத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 143 கிலோ காஸ்டபிள் செல்லும். 25 கிலோப் பை ஆறு வாங்குங்கள். தளத்துக்கு அடியில் ஒரு வரிசை இன்சுலேஷன் செங்கல் பரப்புவது, பட்டறையின் சிமெண்டுத் தரை வெடிக்காமல் காக்கும்.

காஸ்டபிள் என்பது உடைத்த உயர்வெப்பக் கல்லும் கால்சியம் அலுமினேட் சிமெண்டும் கலந்த கலவை. வட்ட உலைக்கு ஆர்ச் செங்கல்லைத் தேடி அலைவதைவிட இதுவே எளிது. இணைப்பே இல்லாததால் கசடு நுழையவும் வழியில்லை. நேர்ச்சுவரோ பெரிய அறை உலையோ கட்டுகிறவர் செங்கல்லையே வைக்கட்டும். அப்போது தீக்களிமண்ணும் பொடித்த பழைய தீச்செங்கல்லும் கலந்த சாந்தை, சிறிது சோடியம் சிலிகேட் விட்டு, இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத இணைப்பாகப் பூச வேண்டும். நல்ல கொத்தனாருக்கும் இது முதலில் கைவராது. வீட்டுச் சுவருக்கு அரை அங்குலச் சாந்து வைத்துப் பழகிய கை அது. நீண்ட சுவரில் விரிவுக்கு இடம் விடுவதையும் மறக்கக் கூடாது. ஒரு மீட்டர்த் தீக்களிமண் சுவர் 1,000 டிகிரியில் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும். மக்னீசியாச் சுவரானால் 13, 14 மில்லிமீட்டர். இடைவெளியில் அட்டையை வைத்துக் கட்டிவிட்டால், அட்டை எரிந்து இடம் தானே கிடைக்கும்.

பூசுவதற்கு முன் கம்பளியின்மேல் பாலித்தீன் தாளை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கம்பளி கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுக்கு இறுகத் தண்ணீர் போதாது. அச்சின்மேல் எண்ணெய் தடவுங்கள். எரிவாயுக் குழலுக்கு, தளத்துக்குச் சற்று மேலே, சுடர் மூசையின்மேல் நேரே மோதாமல் சுற்றி ஓடும்படி, ஓரமாகச் சாய்த்து ஒரு குழாயைப் பதியுங்கள். தளத்தின் ஒரு மூலையில் ஓரங்குல வடிகால் துளையும் விடுங்கள். மூசை உடைந்தால் உலோகம் அதன் வழியே மணலில் இறங்கும், உலையை நிரப்பாது.

சித்திரை, வைகாசியில் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்த பையும் தொட்டியில் காய்ந்த தண்ணீரும் சேர்ந்தால், கலவை கரண்டியிலேயே இறுகிவிடும். குடிக்கத் தகுந்த தண்ணீரையே, பையில் எழுதிய அளவுக்கே விடுங்கள். உப்பு நீர் ஆகாது. கையில் உருட்டி எறிந்து பிடித்தால் உருண்டை உடையவும் கூடாது, விரலிடுக்கில் வழியவும் கூடாது. அந்தப் பதம் பார்ப்பதற்கு மட்டும், கொழுக்கட்டை மாவு பிசையும் வீட்டுப் பெண்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். சுவர் முழுவதையும் ஒரே மூச்சில், கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றி நிரப்ப வேண்டும். நேற்றைய கலவையின்மேல் இன்றையதை வைத்தால், அந்தக் கோட்டிலேயே பிளக்கும். மேற்பரப்பைக் கரண்டியால் வழவழப்பாக இழைக்காதீர்கள். சொரசொரப்பாக விட்டால்தான் ஈரம் வெளியேறும்.

காயவைத்தல்

பெரும்பாலான உலைகள் செத்துப்போவது இந்தப் பகுதியில்தான், அதுவும் அவசரத்தால். என் இரண்டாவது உலையை, கும்பாபிஷேகத்துக்கு விளக்கு கேட்டு ஒருவர் வந்து நின்றதால், வார்த்த மறுநாளே முழுத் தீயில் ஏற்றினேன். அரைமணி நேரத்தில் துப்பாக்கிபோல் ஒரு சத்தம். தட்டு அளவு பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. அடர்ந்த சுவருக்குள் அதற்குப் போக வழி இல்லாவிட்டால் சுவரைத்தான் உடைக்கும்.

வார்த்த பிறகு ஒரு நாள் ஈரச் சாக்கு போர்த்தி இறுக விடுங்கள். அச்சை எடுத்தபின் இன்னொரு நாள் நிழலில் காயட்டும். மூன்றாம் நாள் சிறு சுடரில் 110, 120 டிகிரிக்குக் கொண்டுவந்து ஆறு மணி நேரம் வையுங்கள். பின் மணிக்கு 25, 30 டிகிரியாக ஏற்றி 350-இல் நாலைந்து மணி நேரமும், 600-இல் நான்கு மணி நேரமும் நிறுத்துங்கள். முதல் நிறுத்தம் ஊற்றிய தண்ணீருக்கு. மற்ற இரண்டும் சிமெண்டுக்குள் பிணைந்த தண்ணீருக்கு. அதன் பிறகு மணிக்கு 50 டிகிரியாக வேலைச் சூடுவரை போகலாம். இடையில் உலைவாய்க்கு மேல் குளிர்ந்த கண்ணாடித் துண்டைக் காட்டிப் பாருங்கள்; நீர்த்துளி பூத்தால் சூட்டை ஏற்றாமல் அங்கேயே நில்லுங்கள். கே வகைத் தெர்மோகப்பிள் (உலைச் சூட்டை அளக்கும் கம்பிக் கருவி) ஒன்று, 1,200 டிகிரிவரை அளக்கப் போதும். அது இல்லாதவர் இருட்டில் நிறம் பார்க்கலாம்: மங்கிய சிவப்பு 600, 700, பழச்சிவப்பு 800 சொச்சம், மஞ்சள் 1,100.

எரிக்கும் நாள்களிலும் பிறகும்

மூசைப் பீடத்தின்மேல் ஓர் அட்டைத் துண்டை வைத்து, அதன்மேல் மூசையை வைத்தால், அட்டை கரியாகி இரண்டையும் ஒட்டவிடாது. வேலை முடிந்ததும் ஊதுகாற்றை நிறுத்தி, உலைவாயை மூடிவிடுங்கள்; விரைவில் ஆறவேண்டும் என்று விசிறி வைப்பது சுவரைச் செதில் செதிலாக உரிக்கும். சிலிக்காச் செங்கல் வைத்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 573 டிகிரியிலும், 220 முதல் 270 டிகிரிவரையிலும் சிலிக்காப் படிகங்கள் சட்டென்று உருமாறிப் பருக்கும். 600-க்கு மேலே எவ்வளவு மாற்றினாலும் அஞ்சாத அந்தச் செங்கல், அதற்குக் கீழே நொறுங்கிவிடும். தினமும் அணைக்கும் பட்டறைக்கு அது ஆகவே ஆகாது. ஆண்டுக்கணக்கில் அணையாத கோக் அடுப்புக்கும் கண்ணாடி உலையின் கூரைக்கும் உரியது அது.

மயிரிழை விரிசல்களைக் கண்டு கலங்க வேண்டாம்; சூடேறும்போது மூடிக்கொள்ளும். காசு நுழையும் அளவுள்ள விரிசலை மட்டும் உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியை ஊதி, நனைத்து, தீக்களிமண்ணும் செங்கற்பொடியும் சோடியம் சிலிகேட்டும் சேர்ந்த சாந்தால் அடையுங்கள். கண்ணாடிபோல் கசடு பூத்த இடத்தின்மேல் பூசினால் ஒட்டாது. அதைக் கொத்தி, புதுக் கல் தெரிந்த பிறகே பூச வேண்டும். இந்தச் சிறு பூச்சையும் ஒரு நாள் காயவிட்டு, சிறு சுடரில் ஏற்றுங்கள். முன்சுவரின் கனம் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டால் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு, முழுவதையும் பெயர்த்துவிடலாம். பெயர்த்த துண்டுகளில் கசடு படாதவற்றைப் பொறுக்கி, இடித்து, அரிசிச் சல்லடையில் சலித்துச் சாக்கில் கட்டி வையுங்கள். அடுத்த சுவரின் சாந்துக்கு அதுவே சரக்கு; ஏற்கெனவே சுட்டுச் சுருங்கி முடிந்த மண் என்பதால் புதுச் சாந்து காயும்போது வெடிக்காமல் பிடித்து நிறுத்தும்.